துப்பாக்கிக் கட்டைக்கு எந்தப் பழுப்பு?

சிப்பாய் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களில் பலரும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் முகம், பிறகு கோட்டு, வார்ப்பட்டை, பித்தான்கள். இதற்கே மூன்று நான்கு மாலைகள் போய்விடும். துப்பாக்கிக்கு வந்து சேரும்போது கை ஓய்ந்திருக்கும். காலணிக்கும் தோள்பைக்கும் எடுத்த அதே பழுப்பைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்து வேலையை முடித்துவிடுவார்கள். ஓர் அடி தள்ளிவைத்துப் பார்த்தால் பை எங்கே முடிகிறது, துப்பாக்கி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

கட்டையைக் கடைசியில் தீட்டுவதில் குறையில்லை. உண்மையில் அதுதான் சரியான வரிசை. பக்கத்தில் என்னென்ன நிறங்கள் வந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். எந்தப் படை, என்ன மரம், என்ன மெருகு என்பதை வரலாறு சொல்லிவிடும். அந்த வரம்புக்குள் மங்கலான மஞ்சள் பழுப்பிலிருந்து கருஞ்சிவப்புப் பழுப்பு வரை பத்துப் பன்னிரண்டு நிறங்கள் நியாயமாகவே பொருந்தும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருவது பக்கத்து நிறம்தான். கட்டைக்கு நிறம் தேடுவதில் இதைவிட உதவும் விதி வேறில்லை.

கட்டை எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கெட்டின் குழல் 39 அங்குலம். மொத்த நீளம் ஏறக்குறைய 55 அங்குலம், அதாவது 140 செ.மீ. 28 மி.மீ. பொம்மையை 1/56 அளவு என்று கொண்டால் துப்பாக்கி மட்டும் 25 மி.மீ. வருகிறது. கிட்டத்தட்ட சிப்பாயின் கண் உயரம். அதை அவன் மார்புக்குக் குறுக்கே பிடித்திருந்தால், பார்ப்பவர் கண்ணில் முகத்துக்கு அடுத்தபடியாகப் படுவது அந்தக் கட்டைதான்.

எந்த மரம்?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைகள் முதலில் நாடியது வால்நட் மரத்தை. நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கும் பருப்பைத் தருவதும் இந்த மரம்தான். சுடும்போது பின்னோக்கி வரும் உதையைத் தாங்கும், செதுக்க இணங்கும், நன்றாக உலர்ந்துவிட்டால் ஈரத்தில் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. பிரிட்டனின் பிரவுன் பெஸ், பிரான்சின் 1777 மாடல் ஷார்ல்வில், பிரிட்டிஷ் 95ஆம் ரைஃபிள் படையினர் ஏந்திய பேக்கர் ரைஃபிள் எல்லாமே வால்நட். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1861, இரண்டாம் உலகப் போரின் எம்1 கேரண்ட் ஆகியவை அமெரிக்கக் கருப்பு வால்நட்டில் செய்யப்பட்டவை. எண்ணெய் படாத வால்நட் சற்றுச் சாம்பல் கலந்த பழுப்பு. ஆளிவிதை எண்ணெய் ஊறியதும் அதில் சூடு ஏறுகிறது. சிவப்பும் ஆழமும் வருகின்றன. கை அழுக்கும் வியர்வையும் சேரச் சேர இன்னும் கறுக்கிறது.

பெயின்ட்டில் இதற்கு நெருக்கமானவை வயேஹோ மாடல் கலர் வரிசையின் 70.872 சாக்லேட் பிரவுன், 70.984 ஃபிளாட் பிரவுன், 70.846 மஹோகனி பிரவுன். டமியாவில் எக்ஸ்எஃப்-10 ஃபிளாட் பிரவுன், எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன். வெளிநாட்டுக் குப்பிகள் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ஊர்ப் புத்தகக் கடையில் கிடைக்கும் கேமல் அக்ரிலிக் டியூப்களில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர் ஆகிய மூன்றும், ஒரு கருப்பும் இருந்தால் இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா மரத்தையும் கலந்து எடுத்துவிடலாம். டியூப் பெயின்ட்டை வெறும் தண்ணீரால் அதிகம் நீர்க்கச் செய்தால் நிறமித் துகள்கள் திட்டுத்திட்டாகப் பிரியும். பாதிக்குப் பாதி அக்ரிலிக் மீடியம் சேர்ப்பது நல்லது.

பீச் மரம் வால்நட்டைவிட வெளிர். முதல் உலகப் போரின் பிற்பகுதியில் வால்நட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மானியர்கள் கெவேர் 98 ரைஃபிள்களைப் பீச் கட்டைகளோடு செய்தார்கள். 1930களின் பிற்பகுதியில் கார் 98கே ரைஃபிளுக்குப் பீச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்த கட்டைகள் வரத் தொடங்கின. வால்நட்டை உலர்த்திப் பதப்படுத்தக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒட்டுக்கட்டை எளிதில் வளைவதும் இல்லை. 1940க்குப் பிந்தைய ஜெர்மன் வீரனைச் செய்பவர் தயங்காமல் இந்த ஒட்டுக்கட்டையைத் தீட்டலாம்.

சோவியத் பக்கம் பிர்ச். மோசின்-நகான்ட் ரைஃபிள், பிபிஎஸ்ஹெச்-41 துணை இயந்திரத் துப்பாக்கி, பின்னாளில் ஏகேஎம் துப்பாக்கியின் ஒட்டுப்பலகைக் கட்டை எல்லாமே இந்த மரம்தான். பிர்ச் தன்னளவில் வெளிறிய மஞ்சள் மரம். சாயமும் அரக்கு மெருகும் சேர்ந்துதான் அதற்கு அந்தச் செம்மஞ்சள் சாயலைத் தருகின்றன. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. இன்று சேகரிப்பாளர்களின் படங்களில் கண்ணாடிபோல் மின்னும் ஆரஞ்சு மோசின்களில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு ஆயுதக் கிடங்குகளில் புதுப்பிக்கப்பட்டு, தடிமனாக அரக்குப் பூசப்பட்டவை. ஸ்டாலின்கிராட் இடிபாடுகளில் பதுங்கியிருக்கும் வீரனின் கையில் அந்தப் பளபளப்பு பொருந்தாது. அதே செம்மஞ்சளை இரண்டு படி மங்கலாக்கி, அழுக்கேற்றிக் கொடுக்க வேண்டும்.

மேப்பிள் மரத்தைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை, அது வருத்தம்தான். அமெரிக்கப் புரட்சிக் காலத்துப் பென்சில்வேனியா நீள்குழல் ரைஃபிள்கள் பலவும் சுருள் ரேகை கொண்ட மேப்பிளில் செய்யப்பட்டவை. இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடுகாட்டினால் மரம் செம்பழுப்பாகும். நீளத்துக்குக் குறுக்கே புலிவரிபோல் கோடுகள் எழும். மற்ற எல்லா மரங்களுக்கும் ரேகையை நீளவாக்கில் இழுக்க வேண்டும். இதற்கு மட்டும் குறுக்கே. 54 மி.மீ., 75 மி.மீ. பொம்மையில் இந்த வரிகள் பார்ப்பவரை நிறுத்திவிடும். 28 மி.மீ. அளவில் முயலவே வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக: ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களுக்குக் குயின்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் ஆகிய உள்ளூர் மரங்களைப் பயன்படுத்தியது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது வால்நட்டோடு பீச்சும் பிர்ச்சும் கலந்து வந்தன. ஜப்பானிய அரிசாகா ரைஃபிளின் பின்கட்டை இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. அந்த இணைப்புக்கோடு பின்கட்டையின் பக்கவாட்டில் நீளமாக ஓடும். 1/35 அளவில் கருப்பழுப்பால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தாலே போதும், அது ஜப்பானியத் துப்பாக்கி என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பக்கத்து நிறம்

மரம் தெரிந்துவிட்டது. இனி பொம்மையைக் கையில் எடுத்து, கட்டை எவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டு, கை, வார், பை, சில சமயம் குதிரையின் கழுத்து. கட்டைக்கும் இவை ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்றில் ஒரு விலகலாவது வேண்டும்: ஒன்று வெளுப்பிலோ கருமையிலோ, அல்லது சிவப்பு-மஞ்சள் சாய்வில், அல்லது நிறத்தின் அழுத்தத்தில். மூன்றும் ஒன்றாகவே இருந்தால் இரண்டு பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

நெப்போலியனின் பிரெஞ்சுக் காலாட்படையைத் தீட்டுபவருக்குப் பாதி வேலை மிச்சம். கோட்டு கருநீலம்; நீலத்துக்கு எதிர்முனை செம்மஞ்சள். எனவே வால்நட்டை ஆரஞ்சு பக்கம் தைரியமாகத் தள்ளலாம். ஃபிளாட் பிரவுனில் 70.981 ஆரஞ்சு பிரவுனைக் கலந்து ஒளி படும் விளிம்புகளில் ஏற்றினால் நீலத்தின் மேல் துப்பாக்கி துடிப்பாக எழுந்து நிற்கும். ஷார்ல்வில்லில் குழலையும் கட்டையையும் இறுக்கிப் பிடிக்க மூன்று இரும்புப் பூண்கள் உண்டு. அவை மரத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வெளிச்சம் கொடுக்கலாம். 95ஆம் ரைஃபிள் படையின் கரும்பச்சைக்கும் இதே வழி பலிக்கும், சிவப்பை மட்டும் சற்றுக் கூட்ட வேண்டும். ஜெர்மானியரின் சாம்பல்பச்சைச் சீருடைக்கும் அப்படித்தான்.

பிரிட்டிஷ் செங்கோட்டு வீரனுக்கு இது அப்படியே தலைகீழ். செம்பழுப்புக் கட்டையைச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். இங்கே வால்நட்டின் சிவப்பை மறந்துவிட்டு, குளிர்ந்த சாக்லேட் பழுப்பிலிருந்து மஞ்சள் பக்கம் ஏற வேண்டும். பல நல்ல கைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உண்மையான வால்நட் சிவப்பாகத்தானே இருக்கும் என்ற பிடிவாதம் அவர்களைக் கெடுக்கிறது. மஞ்சள் சாய்ந்த வால்நட்டும் உண்மையான வால்நட்தான். ஒரே மரத்தின் இரண்டு பலகைகள்கூட ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் கடினம் காக்கி. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வீரன், வட ஆப்பிரிக்காவில் போரிட்ட 4ஆவது இந்திய டிவிஷன் சிப்பாய், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பட்டர்நட் சாயம் தோய்த்த கோட்டணிந்த தென்மாநில வீரன்: இவர்களின் உடை, பை, தோல், தரை எல்லாமே பழுப்புக் குடும்பம். சாய்வால் பிரிக்க முடியாதபோது கருமையால் பிரிக்க வேண்டும். காக்கி வெளிர் என்பதால் கட்டையை ஆழமான கருஞ்சிவப்புப் பழுப்புக்குக் கொண்டுபோகலாம். மஹோகனி பிரவுனை அடிப்படையாக வைத்து, மேலே 70.940 சேடில் பிரவுன் கொண்டு மெல்லிய விளிம்பு வெளிச்சம் கொடுத்தால் போதும். லீ-என்ஃபீல்டின் கட்டை ஒரே துண்டல்ல என்பதும் உதவிக்கு வருகிறது. பின்கட்டைக்கும் முன்கட்டைக்கும் நடுவே துப்பாக்கியின் எஃகு உடல் வெளியே தெரியும். அந்த எஃகைச் சரியாகக் கருநீலச் சாம்பலில் பிரித்துக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொம்மை சிறிதாகச் சிறிதாக நிறத்தை வெளிற வைக்க வேண்டும் என்பது பழைய விதி. நிஜக் கட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி 15 மி.மீ. சிப்பாயின் கையில் ஒட்டினால் அது கரிக்கட்டையாகத் தெரியும். சிறிய பரப்பு குறைந்த வெளிச்சத்தையே கண்ணுக்கு அனுப்புகிறது. 1/35க்கு ஒத்துவரும் பழுப்பை 28 மி.மீ.க்கு ஒரு படியும், 15 மி.மீ.க்கு இரண்டு படியும் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றுவதற்கு வெள்ளையைத் தொடக் கூடாது. பழுப்பில் வெள்ளை கலந்தால் சுண்ணாம்படித்த இளஞ்சிவப்பாகிவிடும். மரத்தின் சூடு போய்விடும். யெல்லோ ஆக்கர் அல்லது 70.912 டேன் யெல்லோ கொண்டுதான் வெளுக்க வேண்டும்.

மதராஸ் சிப்பாயின் மஸ்கெட்

1803 செப்டம்பர் 23 அன்று அசாயே போர்க்களத்தில் ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் நின்ற மதராஸ் காலாட்படைச் சிப்பாயை 28 மி.மீ. அளவில் எடுத்துக்கொள்வோம். அவன் கையில் இருப்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே வடிவமைக்கப்பட்ட பிரவுன் பெஸ் மஸ்கெட். பிரான்சோடு நடந்த போரில் துப்பாக்கிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசு கம்பெனியிடமிருந்து இதை வாங்கியது. 1797இல் தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது. இந்தியா பேட்டர்ன் என்ற பெயர் அதனால்தான் நிலைத்தது.

கோட்டு சிவப்பு, குறுக்கு வார்கள் வெள்ளை. செங்கோட்டுக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: கட்டையில் சிவப்பு வேண்டாம். ஆனால் இந்தப் பொம்மையில் ஐரோப்பிய வீரனுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. சிப்பாயின் கைகள் பழுப்பு. ஐரோப்பியச் சிப்பாய்களை மனத்தில் வைத்து எழுதிய கையேடுகள் இதைத் தொடுவதே இல்லை. கட்டையை இறுகப் பிடித்திருக்கும் விரல்கள் கட்டையோடு கலந்துவிட்டால் பொம்மையின் உயிரே போய்விடும். எனவே இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்த வேண்டும். தோலைச் செம்மை கலந்த, ஒளியுள்ள பழுப்பாக வைத்துக்கொண்டு, கட்டையைக் கருப்பட்டி நிறத்துக்கு இறக்கி, அதன் வெளிச்சத்தை மஞ்சள் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

வேலை இப்படிப் போகும். முதலில் 70.822 ஜெர்மன் கேமஃப்ளாஜ் பிளாக் பிரவுன், நீர்க்கச் செய்து, மரம், குழல், பூட்டு என்று துப்பாக்கி முழுவதும். விரல் இடுக்குகளிலும் கோட்டு விளிம்பிலும் இது புகுந்து நின்றால் நல்லதே. அந்த இருட்டுக் கோடுகள்தான் கடைசி வரை பொருள்களைப் பிரித்துக் காட்டப்போகின்றன. கேமல் டியூப் என்றால் பர்ன்ட் அம்பரோடு நான்கில் ஒரு பங்கு கருப்பு.

காய்ந்ததும் சாக்லேட் பிரவுன். இம்முறை மரத்தில் மட்டும், விரல்களைச் சுற்றியும் குழலை ஒட்டியும் ஒரு மயிரிழை கருமையை விட்டுவைத்து. பிரவுன் பெஸ்ஸில் பூண்கள் கிடையாது. குழலைக் கட்டையோடு பிணைப்பவை உள்ளே ஊடுருவும் சிறிய ஊசிகள். வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது. அதனால் மரம் பின்கட்டையிலிருந்து குழல்முனைக்குச் சற்று முன்புவரை ஒரே ஓட்டமாகப் போகிறது. அந்த ஓட்டத்தைக் கெடுக்காமல் பிரஷ்ஷையும் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும்.

மூன்றாவது படி 70.875 பெய்ஜ் பிரவுன். இதை எல்லா இடத்திலும் பூசுவதில்லை. பின்கட்டையின் மேல்விளிம்பு, கை பிடிக்கும் மெல்லிய கழுத்துப் பகுதி, பூட்டுக்கு எதிர்ப்பக்கத்துத் தட்டையான முகம், முன்கட்டையின் மேல்விளிம்பு. வெளிச்சம் விழும் இடங்கள் இவ்வளவுதான். பின்கட்டையின் அகன்ற முகத்தில் இரண்டு மூன்று கீற்றுகள், நீளத்தில் ஒன்றுக்கொன்று சமமில்லாமல். கடைசியாக டேன் யெல்லோவைக் கொஞ்சம் சேர்த்து மேல்விளிம்பில் மட்டும் ஒரு தொடுதல்.

மர ரேகை இவ்வளவு போதுமா என்று சந்தேகம் வரலாம். கணக்கு இதோ: நிஜத்தில் 1 மி.மீ. அகலமுள்ள ரேகை 1/56 அளவில் 0.018 மி.மீ. ஆகும். தலைமுடியைவிட மெல்லிசு; எந்தப் பிரஷ்ஷாலும் அதை இழுக்க முடியாது. இரண்டு மூன்று கீற்றுகள் மரம் என்ற எண்ணத்தைத் தூண்டிவிட்டால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். பத்துக் கோடு இழுத்தால் துப்பாக்கி மூங்கில் தட்டியாகிவிடும்.

பிறகு உலோகம். குழல் அந்தக் காலத்தில் பளபளவென மெருகேற்றிய இரும்பு, கருப்பாக்கக் கூடாது. துப்பாக்கியின் அடியில் ஓடும் சலாகை எஃகு. பின்கட்டைத் தகடு, விசைக்காப்பு, சலாகைக் குழாய்கள் பித்தளை. இந்த மஞ்சள் புள்ளிகள் மங்கலான கட்டைக்குத் தனி அழகு தரும். ஷார்ல்வில்லையும் பிரவுன் பெஸ்ஸையும் ஒரே பார்வையில் வேறுபடுத்துவதும் இவைதான்: அங்கே இரும்புப் பூண்கள், இங்கே பித்தளை.

அவசரத்தில் இருப்பவருக்கு ஒரு குறுக்குவழி: பெய்ஜ் பிரவுனை முழுக்கப் பூசி, மேலே சிட்டடெல் நிறுவனத்தின் அக்ராக்ஸ் எர்த்ஷேட் வாஷை ஒருமுறை ஓடவிட்டு, காய்ந்தபின் விளிம்புகளை மட்டும் மீண்டும் தொடலாம். நாற்பது சிப்பாய்களை ஒரே மேசையில் வைத்துத் தீட்டும்போது இதுவே புத்திசாலித்தனம். வாஷ் பின்கட்டையின் தட்டையான முகத்தில் குளம்கட்டி நின்றால், காய்வதற்குள் ஈரமில்லாத பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

1/35இல் ஆயில் பெயின்ட்

மோசின் 1891/30 ரைஃபிளின் நீளம் 1232 மி.மீ.; 1/35 அளவில் 35 மி.மீ. இந்த அளவில் மரம் மரமாகவே தெரிய வேண்டும். அதற்கு ஆயில் பெயின்ட்டை மிஞ்ச எதுவுமில்லை.

அடியில் வெளிர் மணல் நிறம், அக்ரிலிக்கில். நன்றாகக் காயவிட வேண்டும். பர்ன்ட் சியன்னா ஆயிலை ஒரு துண்டு அட்டையில் பிதுக்கி அரைமணி நேரம் வைத்தால் அதிகப்படியான எண்ணெயை அட்டை குடித்துவிடும். பெயின்ட் விரைவில் காயும், பளபளப்பும் குறையும். அதைக் கட்டையில் மெல்லியதாகத் தடவி, இரண்டு நிமிடம் கழித்து, முடி சற்று விறைத்த பழைய தட்டை பிரஷ்ஷால் நீளவாக்கில் இழுத்துத் துடைக்க வேண்டும். பிரஷ் முடிகள் விட்டுப்போகும் தடங்கள்தான் ரேகை. அடியிலுள்ள மணல் நிறம் கீற்றுக் கீற்றாக எட்டிப்பார்க்கும். பிடிக்காவிட்டால் டர்பென்டைனில் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். அடியிலிருக்கும் அக்ரிலிக் அசையாது. ஆயிலின் பெரிய சலுகை இதுதான்.

ஓரிரு நாள் கழித்து ஆயில் முழுதும் காய்ந்தபின் டமியா எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சை மிக மெல்லியதாக்கி ஒரு பூச்சு. அரக்கு மெருகின் சாயல் வந்துவிடும். வால்நட் வேண்டுமென்றால் கிளியர் ஆரஞ்சை விட்டுவிட்டு, சியன்னாவோடு பர்ன்ட் அம்பரைச் சம அளவில் கலந்தால் போதும்.

கார் 98கே ஒட்டுக்கட்டைக்குத் துடைத்தபின் ஒரு வேலை கூடுதல். மிகக் கூரான பிரஷ்ஷால் கருப்பழுப்பு இணைகோடுகளை நெருக்கமாக இழுக்க வேண்டும். கட்டை வளையும் இடங்களில், குறிப்பாகக் கைப்பிடிக் கழுத்தில், கோடுகளும் நிலவரைபடத்தின் உயரக்கோடுகள்போல் வளைய வேண்டும். நேராகவே இழுத்துவிட்டால் காகிதம் ஒட்டியதுபோல் ஆகிவிடும். பின்கட்டையின் பக்கத்தில் உள்ள சிறிய உலோக வட்டத்தையும், தோள்வாருக்காக வெட்டிய துளையையும் மறந்துவிடக் கூடாது.

மரமே இல்லாதவை

பெட்டியின் மேல்படத்தில் பழுப்பாகத் தெரிவதெல்லாம் மரமல்ல. ஜெர்மன் எம்பி-40இல் மரமே கிடையாது. கைப்பிடியும் அடிப்பகுதி உறையும் பேக்லைட், பின்கட்டை மடக்கும் எஃகு. பேக்லைட்டுக்குக் கருப்பில் துளி மஹோகனி சேர்த்த நிறம் பொருந்தும்; ரேகையும் கூடாது, மஞ்சள் வெளிச்சமும் கூடாது. பிரிட்டனின் ஸ்டென் பெரும்பாலும் முழு உலோகம். எம்ஜி-42இன் பின்கட்டை மரத்திலும் வந்தது, பேக்லைட்டிலும் வந்தது. இரண்டில் எதைத் தீட்டினாலும் சரியே. வியட்நாம் போரில் நிற்கும் அமெரிக்க வீரனின் எம்16 கருப்புப் பிளாஸ்டிக். எதிரே நிற்பவனின் கலாஷ்னிகோவுக்குத்தான் மரம்.

எதைப் பார்த்துத் தீட்டுவது?

பழைய புகைப்படங்களை நம்பி நிறம் தீர்மானிப்பது ஆபத்து. முதல் உலகப் போர்க்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. அதனால் செம்பழுப்புக் கட்டை அந்தப் படங்களில் கிட்டத்தட்டக் கருப்பாக விழும். பலர் பூசும் கருங்கட்டைகளுக்குக் காரணம் இந்தப் படங்கள்தான். கட்டையின் வடிவம், பூண்களின் இடம், கீறல், வார் கட்டிய விதம் ஆகியவற்றுக்கு அந்தப் படங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. நிறத்துக்கு மட்டும் வேறிடம் தேட வேண்டும்.

நிஜப் பொருளைப் பார்ப்பதே மேல். சென்னையில் இருப்பவர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உள்ளன. லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகமும் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பார்க்கும்போது ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்: இருநூறு ஆண்டு எண்ணெயும் கைப்பிசுக்கும் ஏறிய மரம் அது. கிடங்கிலிருந்து வந்த புதிதில் சிப்பாய் கையில் அது இவ்வளவு கறுத்திருக்காது. பின்கட்டைத் தகட்டின் ஓரத்திலும் தேய்ந்த விளிம்புகளிலும் கண்ணை வைத்தால் அடியில் இருக்கும் உண்மை நிறம் சில இடங்களில் தெரியும்.

ஒரு படைப்பிரிவு முழுவதையும் தீட்டும்போது எல்லாக் கட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால் பொம்மைகள் அச்சில் வார்த்தவை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அடிப்படைப் பழுப்பை மூன்று கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் துளி ஆக்கர், ஒன்றில் துளி கருப்பு, ஒன்றை அப்படியே வைத்து, சிப்பாய்களை மாற்றி மாற்றித் தீட்டினால் போதும். வேறுபாடு மெல்லியதாக இருக்க வேண்டும். வரிசையை மொத்தமாகப் பார்க்கும்போது உணரத்தான் முடிய வேண்டும், எண்ணத் தோன்றக் கூடாது. லீ-என்ஃபீல்டு ஏந்திய வீரர்களில் ஓரிருவருக்குப் பின்கட்டையை ஒரு சாயலிலும் முன்கட்டையை இன்னொரு சாயலிலும் கொடுக்கலாம். கட்டை உடைந்து வந்தால் படைக்கொல்லர் கிடைத்த துண்டை மாட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

வார்னிஷ் கடைசி வேலை. பொம்மை முழுவதற்கும் மேட் வார்னிஷ் அடித்து, மறுநாள் கட்டைக்கு மட்டும் சேட்டின் வார்னிஷைப் பிரஷ்ஷால் தொட வேண்டும். எண்ணெய் ஊறிய மரம் துணியைப்போல் வறண்டிருக்காது. குழலைப்போல் மின்னவும் செய்யாது. பின்கட்டையின் கன்னம் உரசும் இடத்துக்கும் கழுத்துப் பகுதிக்கும் இன்னொரு பூச்சு கூட்டலாம். தரையில் ஊன்றும் அடிப்பக்கத்துக்குச் சேட்டின் வார்னிஷே வேண்டாம். அங்கே தளத்தின் மண் நிறத்தையே உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தட்டிவிட வேண்டும்.